இரண்டு வருடம் முந்திவிட்ட மணிவிழா

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்ற செய்தி ஒஸ்லோவில் பரவிய நாளிலிருந்து என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. நான் வேலையில் இருந்தபோது எடுக்கத் தயங்கியவர்கள்கூட இப்போது தயங்குவதில்லை. முன்பெல்லாம் வைத்தியர் கூப்பிட்டுச் சொல்லும்வரை நோயாளி காத்திருப்பார். இப்போது பரிசோதனை முடிவு, வைத்தியர் கோப்பி குடித்து முடிப்பதற்குள் நோயாளியின் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. அதைப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். வாசித்த கையோடு இணையத்தைத் தட்டுகிறார்கள். அதன் பிறகு எனக்கு எடுக்கிறார்கள். சுகமா என்று ஒரு வார்த்தை கிடையாது. "புவனா அக்கா, வயித்துக் கான்சர் எண்டால் எத்தனை வீதம் தப்பும்?" என்று மீன் கடையில் விலை கேட்பதுபோல நேரே கேட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இலக்கத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்களில் பாதிப்பேர் அதைக் கொண்டுபோய் யாராவது ஒருவருடைய நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒட்டியதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். அந்த மனிதரின் அனுமதியோடுதான் அந்தக் கதையைச் சொல்கிறேன். "எழுதுங்கோ அக்கா, ஆனால் பேரை மாத்திப்போடுங்கோ. என்ரை வயிறு எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார். ஒஸ்லோவின் ஒரு கோடியான ஸ்டோவ்னரிலிருந்து மறுகோடியான மோர்டென்ஸ்ருட் வரைக்கும் அவருடைய வயிற்றைப் பற்றித் தெரியாத தமிழர் ஒருவரும் இல்லை. இருந்தாலும் மாற்றிவிட்டேன்.

நான் தாதியான கதை நீளமில்லை. நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தேன். மொழி படித்தேன். ஒஸ்லோவுக்கு வந்து தாதியர் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே சோதனை எழுதினேன். பிறகு ஓய்வு பெறும்வரை இரைப்பைச் சத்திரசிகிச்சைப் பிரிவில்தான் இருந்தேன். மீனின் வயிற்றைக் கிழித்த அனுபவம் மனிதரின் வயிற்றுப் பிரிவில் உதவியாக இருந்ததா என்று எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஒருமுறை மேடையில் வைத்துக் கேட்டார். சபை சிரித்தது. தலைவர் பின்னால் வருவார். அவரை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் ஆர்னே. இந்த நாட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் பெயர்தான், பட்டம் கிடையாது. நெடிய மனிதர். நோயாளியோடு கதைக்கும்போது அறையிலேயே மிகப் பதிவான முக்காலியைத் தேடி எடுத்து உட்காருவார். அவருடைய கண் நோயாளியின் கண்ணுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. தொலைபேசியை மேசை லாச்சிக்குள் போட்டு மூடுவார். கண்ணீர் துடைக்கும் கடதாசிப் பெட்டியை யன்னலோரம் தள்ளி வைப்பார். அது கண்முன்னே இருந்தால் அழத்தான் வேண்டுமாக்கும் என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்களாம். பிறகு இரண்டே கேள்விகள். "உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்?" "இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" அதன்பின் வாயை மூடிக்கொண்டு இருப்பார். அந்த மௌனத்தை நோர்வேக்காரர்கள் தாங்குவார்கள். எங்கள் ஆட்களால் முடியாது. யாராவது ஒரு மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு காலநிலையைப் பற்றித் தொடங்கிவிடுவார்.

ஆர்னேயிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாராவது இலக்கத்தோடு வந்தால் உடனே "யாருடைய இலக்கம்?" என்று கேட்பார். மாணவ வைத்தியரானாலும் பேராசிரியரானாலும் அதே கேள்விதான். "எல்லாம் சரிவரும்" என்று ஒரு நோயாளியிடம் சொன்ன இளம் தாதியைத் தனியாகக் கூப்பிட்டு, "அது உன் கையில் இருக்கிறதா? இல்லாததை ஏன் கொடுத்தாய்?" என்று கேட்டார். அவள் அன்று முழுக்க அழுதாள். அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிடாதீர்கள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த இரண்டு பாண் துண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொரு நாளும் அதையே தின்று, அந்தத் தாளை மடித்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகிற மனிதர். ஒருமுறை நான் கொடுத்த மட்டன் ரோலில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை நாளைக்கென்று அதே தாளில் சுற்றினார்.

நோர்வே நோயாளிகள் இலக்கத்தை அறைக்குள் வைத்தே கேட்பார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்குப் போகலாமா என்பார்கள். ஒரு மூதாட்டி குடிலின் கூரைக்கு இந்த வருடம் தார் பூசுவது வீண்வேலையா என்று கேட்டார். ஆர்னே பூசச் சொன்னார். எங்கள் ஆட்களோ அறைக்குள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மனைவி லிப்டுக்குப் பக்கத்தில் கேட்பார். மகன் கார் நிறுத்துமிடத்தில் கேட்பான். மைத்துனர் தொலைபேசியில் கேட்பார். ஒவ்வொருவரும் "மற்றாக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரிடமிருந்தும் காப்பாற்றுவது என் வேலையாகிவிடும்.

குணத்தின் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது. குணம் திருகோணமலைக்காரர். ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். ஸ்டோவ்னரில் வீடு. வயது ஐம்பத்தெட்டு. நெடுநாள் வயிற்றெரிவைச் சீரகத் தண்ணீரால் சமாளித்துப் பார்த்துவிட்டு, முடியாத கட்டத்தில் குடும்ப வைத்தியரிடம் போனார். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லகாலம், வேறெங்கும் பரவியிருக்கவில்லை. முதலில் சில சுற்று மருந்து ஏற்றுவது, பிறகு இரைப்பையை முழுதாக எடுப்பது, அதன்பின் மறுபடியும் மருந்து என்பது திட்டம். திகதிகளை ஒழுங்குபண்ணுவது என் பொறுப்பு. ஆர்னே தன் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது குணம் நல்ல நோர்வே மொழியில் தெளிவாகப் பதில் சொன்னார்: "என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். இலக்கம் ஒன்றும் வேண்டாம். நான் பஸ் ஓட்டுகிறவன், முன்னுக்கு ரோட்டைத்தான் பார்ப்பேன்." ஆர்னே "யா" என்று மூச்சை உள்ளுக்கு இழுத்தார். இந்த ஊரில் ஆமாம் என்பதை இப்படி மூச்சை இழுத்துக்கொண்டு சொல்கிறவர்கள் ஏராளம். ஆனால் குணத்தின் மனைவி வசந்தி, டொக்டரே திடுக்கிட்டுப்போனார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மகன் அரவிந்தன் இருந்தான். இங்கே பிறந்த பிள்ளை. பெரிய நிறுவனமொன்றில் இலக்கங்களை வண்ண வட்டங்களாக வெட்டிக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அப்பா இலக்கம் வேண்டாம் என்றாரே தவிர, இவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று பின்னேரமே தேடி எடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அன்ரி, நான் ஸ்தாதிஸ்திக் பாத்தனான். ஐஞ்சு வருசம் தாண்டுறவை இவ்வளவு வீதம்தான் எண்டு போட்டிருக்கு. அப்பாவுக்கு தெரியக்கூடாது. அம்மாவுக்கு மட்டும் சொன்னனான்."

"அப்பா வேண்டாம் எண்டவர். நீ ஏன் பாத்தனி?"

"யாராவது ஒராள் பிளான் பண்ணவேணும்தானே, அன்ரி."

வசந்தி அந்த இலக்கத்தைத் தன் தங்கைக்கு மட்டும் சொன்னார். தங்கை தன் மச்சாளுக்கு மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்குவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது, குணம் ஒருவரைத் தவிர. அடுத்த நாளிலிருந்து ஆட்கள் அப்பிளும் முந்திரிகைக் குலையும் கொண்டு அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வாசலில் சப்பாத்து நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் குணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். மருந்து ஏற்ற வந்தபோது அவர் என்னிடம் சொன்னார், "என்னவோ தெரியேல்லை அக்கா, இப்ப எல்லாரும் என்னோடை நல்லாத்தான் இருக்கினம். பழைய கோவக்காரர்கூட வந்து கட்டிப்பிடிக்கினம்." அவர் சந்தோசப்பட்டார். நான் மருந்துப் பையைச் சரிபார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் சங்கத் தலைவர் களத்தில் இறங்கினார். குணம் சங்கத்துக்குப் பல வருடம் உழைத்தவர். ஒலிபெருக்கி தூக்குவதிலிருந்து கடைசியில் மண்டபம் கூட்டுவது வரை அவர்தான். அவருக்கு ஒரு மணிவிழா செய்யவேண்டும் என்று தலைவர் முடிவெடுத்தார். மணிவிழா என்பது அறுபது நிறைந்தவருக்குச் செய்வது. குணத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அரவிந்தனின் வட்டப்படத்தின்படி அந்த இரண்டு வருடத்தை நம்ப முடியாது. எனவே இப்போதே செய்துவிடுவோம் என்று தீர்மானம் நிறைவேறியது. பஞ்சாங்கப்படி வருகிற வருடங்கள் அவருடைய நட்சத்திரத்துக்குச் சரியில்லை, அதனால் முந்திச் செய்கிறோம் என்று குணத்துக்குச் சொல்வதென்றும் பேசிக்கொண்டார்கள். ஒருவரிடம் அவருடைய நோயின் இலக்கத்தை மறைப்பதற்காக அவருக்கு மண்டபம் எடுத்து, முந்நூறு பேரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, விருந்து வைக்கலாம் என்ற யோசனை வேறெந்த இனத்துக்கும் வந்திருக்காது.

நானும் போனேன். மருந்தால் முடி கொட்டியிருந்த தலையில் தலைப்பாகை. கையில் மருந்து ஏற்றும் குழாய் கட்டியிருந்ததால் குடத்துத் தண்ணீரை ஊற்றாமல் தலையில் மட்டும் தெளியுங்கள் என்று ஐயரிடம் நான்தான் சொல்லிவைத்தேன். வசந்தி மறுபடியும் தாலி கட்டிக்கொண்டார், கண் சிவந்திருந்தது. அதுவரைக்கும் குணம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"குணம் எங்களுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்காத மனுசனாய் இருந்தவர். அவரின்ரை இடத்தை ஆராலும் நிரப்பேலாது. இந்தச் சங்கம் உள்ளவரைக்கும் அவரை மறக்கமாட்டம்."

முன்வரிசையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மாலைக்குள்ளிருந்து குணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் புரிந்துகொண்ட கணத்தை நான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் ஒன்று அணைந்துபோனது. வீட்டுக்குப் போனதும் மகனைப் பிடித்து உட்காரவைத்து இலக்கத்தை வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"அக்கா, ஒப்பரேசன் திகதியை வேற ஆருக்கும் குடுங்கோ. நான் திருகோணமலைக்குப் போறன்."

"என்ன குணம் சொல்லுறியள்? மருந்து நல்லா வேலை செய்திருக்கு. இப்ப விட்டால் பிறகு செய்யேலாது."

"இவ்வளவுதான் இலக்கம் எண்டால் வயித்தை ஏன் வெட்டிக் குப்பையிலை போடுவான்? இருக்கிற வயித்தோடை ஊரிலை நாலு நாள் மீன்குழம்பு திண்டிட்டுச் சாவம். செத்தவீட்டுப் பேச்சும் முடிஞ்சுது, கேட்டிட்டன். இனி என்ன மிச்சம்?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஒரு நல்ல மருந்து, ஒரு நல்ல சத்திரசிகிச்சை நிபுணர், பரவாத கட்டி எல்லாம் ஒரு பக்கம். ஒலிவாங்கியோடு ஒரு தலைவர் மறுபக்கம். தலைவர் வெல்லப் பார்த்தார். திகதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை வந்து ஆர்னேயின் முகத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள் என்று குடும்பத்தில் மூவரையும் கூப்பிட்டேன்.

ஆர்னே முக்காலியில் உட்கார்ந்தார். கடதாசிப் பெட்டி யன்னலோரம் போனது. குணம் மகனிடம் காட்டடா என்றார். அரவிந்தன் தொலைபேசியை நீட்டினான். ஆர்னே பார்த்துவிட்டு, "யாருடைய இலக்கம்?" என்று கேட்டார்.

"வயிற்றுப் புற்றுநோய்க்காரர்களுடையது."

"எல்லோருடையதுமா?"

"ஆமாம்."

"சரி. இதற்குள்ளே தொண்ணூறு வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார், சிகிச்சையே வேண்டாம் என்றவர். வந்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்த ஒருவர் இருக்கிறார். மயக்க மருந்தைத் தாங்காத இருதயத்தோடு ஒருவர் இருக்கிறார். ஐந்து வருடத்தை எண்ணுவதற்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய சிகிச்சை பெற்றவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் உன் அப்பா யார்?"

அரவிந்தன் மறுபடியும் திரையைப் பார்த்தான். அவனுடைய வேலையிடத்தில் வட்டத்துக்குள் இருப்பவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை போலும்.

"அப்படியானால் என் இலக்கம் என்ன?" என்று குணம் கேட்டார்.

"உங்களுக்கு இலக்கம் கிடையாது. வீதம் என்பது நூறு பேருக்கு. நீங்கள் ஒருவர். ஐந்து வருடம் கழித்து நீங்கள் பாதியோ காலோ உயிரோடு இருக்கப்போவதில்லை. முழுதாக இருப்பீர்கள், அல்லது இருக்கமாட்டீர்கள். உங்களைப்போல, பரவாத கட்டியோடு, மருந்தைத் தாங்கி, வெட்டி எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் மகன் காட்டியதைவிட நல்ல இலக்கம் வரும். நல்லது என்று நான் சொல்லவில்லை. இதைவிட நல்லது என்கிறேன். வெட்ட வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் அதற்குப் பிறகு உங்களுக்கு எந்த இலக்கமும் தேவைப்படாது."

அந்த மனிதரின் கொடூரமான நேர்மை எனக்குப் பல தடவை எரிச்சல் தந்திருக்கிறது. அன்று கும்பிடவேண்டும்போல இருந்தது.

வசந்தி என் பக்கம் திரும்பினார். "அக்கா, ஐஞ்சு வருசம் முடிஞ்சால் என்ன நடக்கும் எண்டு கேளுங்கோ. அதோடை முடியிறதோ?"

நான் கேட்டேன். ஆர்னே, "ஐந்து வருடத்தோடு நாங்கள் எண்ணுவதை நிறுத்துவோம். அவர் நிற்கமாட்டார்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் வசந்தி உடைந்துவிட்டார். "நீங்கள் அறுபதுக்கு இருக்கமாட்டியள் எண்டு நினைச்சுப்போட்டன். அதுதான் அவசரப்பட்டனான். உங்களோடை ஒருக்கா மணவறையிலை இருக்காமல் விட்டிடுவனோ எண்டு பயந்துபோனன்" என்று குணத்தின் கையைப் பிடித்து அழுதார். கடதாசிப் பெட்டியை எடுக்க ஆர்னே தானே எழும்பிப் போனார்.

குணம் மனைவியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். அதிசயமாக ஒருவரும் காலநிலையைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "அக்கா, எனக்கு அறுபது எண்டு முந்நூறு பேர் சோறு திண்டிட்டுப் போட்டினம். இனி அந்த அறுபதுக்குப் போய்ச் சேராட்டில் மானம் போயிடும். திகதி இருக்கோ?"

திகதி இருந்தது.

ஆர்னே இரைப்பையை முழுதாக எடுத்து உணவுக்குழாயைக் குடலோடு நேரே தைத்தார். எழுந்ததும் குணம் சாப்பிடப் படிக்கவேண்டியிருந்தது. சின்னத் தட்டு, சின்னக் கவளம், நாளுக்குப் பல தடவை, நன்றாக மென்று, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல். கொஞ்சம் கூடினால் வியர்த்துத் தலை சுற்றும். சோற்றைக் குவித்துத் தின்ற மனிதர் தேநீர்க் கோப்பையின் கீழ்த்தட்டில் அரைப் பிட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே கண் கலங்கும். அப்போதும் ஆட்கள் அப்பிள் கொண்டு வந்தார்கள். வயிறு இல்லாதவருக்கு அப்பிள். "வைக்க இடமில்லை, திரும்பக் கொண்டுபோங்கோ" என்பார் குணம். வந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

உண்மையான அறுபதாவது பிறந்தநாள் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. அதற்கான சோற்றைத்தான் முன்பே சாப்பிட்டுவிட்டார்களே. வீட்டில் இருவரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்களாம், தான் அன்று அழுததாகக் குணமே என்னிடம் சொன்னார்.

ஐந்தாவது வருடம் நெருங்கியபோது ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் தலைவர் என்னை மறித்தார்.

"தங்கச்சி, குணத்தின்ரை ஐஞ்சு வருசம் வாற பங்குனியோடை முடியுதாம். ஹோலை இப்பவே சொல்லிவைக்காட்டில் கிடைக்காது."

"என்னத்துக்கு அண்ணை மண்டபம்?"

"இருந்தால் பாராட்டு. இல்லாட்டில் அஞ்சலி. ரெண்டிலை ஒண்டுக்குத் தேவைப்படும்தானே?"

நான் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். யாரோ யாருக்கோ மட்டும் சொல்லி அது குணத்தின் காதுக்கும் போனது. தையல் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசிப் பரிசோதனையில் ஆர்னே இனி வரத் தேவையில்லை என்றார். குணம் எழும்பாமல், "இனி இணையத்தில் தேடுகிறவன் பார்க்கிற இலக்கத்துக்குள்ளே நானும் இருப்பேனா?" என்று கேட்டார். ஆர்னே மூச்சை இழுத்து "யா" என்றார். வசந்தி இந்த முறை பயப்படவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத் தலைவருக்கு வயிறு எரிந்தது. எங்கள் இடத்தில்தான் குழாய் விட்டுப் பார்த்தோம். அவரைப் பற்றி எழுதுவதற்கும் அனுமதி உண்டு. பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், நான் போடவில்லை. கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பிறகு ஆக்கள் அப்பிளோடை வந்திடுவினம்."

வெறும் புண்தான், கிருமியால் வந்தது, குளிசை விழுங்கினால் மாறிவிடும் என்று முடிவு வந்தது. அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "எனக்கு மறைக்கிறியள்" என்று கத்தினார். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு மறைத்துப் பழகியவருக்கு நல்ல செய்தியை நம்ப வழி தெரியவில்லை.

நான் யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய மனைவி தன் தங்கைக்கு மட்டும் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். வாசலில் சப்பாத்து நிரம்பியிருந்தது. தலைவர் சோபாவில் போர்வைக்குள் ஒடுங்கி, வந்தவர்களின் முகத்தில் தன் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். குணம் உள்ளே வந்தார். ஒரு பெரிய பை நிறைய அப்பிளை அவர் மடியில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

"தலைவர், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். "ஹோல் என்ரை பொறுப்பு."